அது பாசி அல்ல. அதற்குள் ஒரு பூச்சியும் இருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து குளத்து நீர் இறங்கத் தொடங்கும் மாதங்களில் ஒரே அச்சில் வார்த்த செய்தி ஒன்று வருவதுண்டு: படிக்கட்டில் பஞ்சு போன்ற மர்மப் பொருள், தொட்டால் அரிப்பு, கிட்டப் போனால் துர்நாற்றம், பொதுமக்கள் அச்சம். பிளீச்சிங் பவுடர் தூவிச் சுரண்டி எடுத்தாயிற்று என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்த மர்மப் பொருளுக்குப் பெயர் உண்டு. அது நன்னீர்ப் பஞ்சுயிரி. பள்ளிப் பாடத்தில் துளையுடலிகள் என்று படிக்கிறோமே, அந்தத் தொகுதியைச் சேர்ந்த விலங்கு. கடலில் வாழும் இனங்களே பெரும்பான்மை. ஆறு, குளம், வாய்க்கால்களில் வாழ்பவை சில. இந்தியக் குளங்களில் பரவலாகக் கிடைப்பது யூனாபியஸ் கார்ட்டெரி என்ற இனம். பம்பாய்த் தொட்டிகளிலும் குளங்களிலும் பஞ்சுயிரிகளை ஆராய்ந்த ஹென்றி ஜான் கார்ட்டரின் பெயரை 1863-இல் அதற்குச் சூட்டினார்கள்.

பஞ்சுயிரியைப் பற்றி ஓரளவாவது எழுதப்படுகிறது. அதற்குள் குடியிருக்கும் பூச்சியைப் பற்றித் தமிழில் ஏறக்குறைய ஒன்றுமே கண்ணில் படுவதில்லை. குளங்களின் பல்லுயிர்க் கணக்கெடுப்புப் பட்டியல்களில் தும்பி, ஊசித்தும்பி, நீர்வண்டு, நீர்த்தேள் எல்லாம் இருக்கும்; இது இருக்காது. இல்லாததால் அல்ல, பஞ்சுயிரியைப் பிய்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாததால். எங்கே, எப்படித் தேடுவது, தேடும்போது எங்கே தவறுகிறது, குளத்தைத் துப்புரவு செய்பவர்கள் எதை விட்டுவைக்கலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் பெயர். அறிவியலில் இக்குடும்பம் சிசைரிடே. கண்ணாடி இறக்கைப் பூச்சிகளின் வரிசையில் மிகச் சிறிய குடும்பங்களுள் ஒன்று. உலகம் முழுவதும் சேர்த்து எழுபது இனங்களுக்குச் சற்று முன்பின். இன்று வாழும் பேரினங்கள் நான்கே: சிசைரா, கிளைமேசியா, சிசைரினா, சிசைபோரினா. கிளைமேசியா அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது, சிசைரா உலகெங்கும் உண்டு. நம் உழவர்களுக்கு இவ்வரிசையில் நன்கு தெரிந்தது அசுவினியைத் தின்பதற்காக வயலில் விடும் கிரைசோபெர்லா. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது குழியானை. மண்ணில் புனல் போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அதே பூச்சிதான். இரண்டுமே இதற்கு உறவு. ஆங்கிலப் பெயரைப் பார்த்துச் சிலர் ‘சரிகை இறக்கைப் பூச்சி’ என்று எழுதுகிறார்கள். சரிகை என்றால் பொன்னிழை. இந்தப் பூச்சியின் இறக்கையில் மின்னுவது எதுவும் இல்லை, பின்னல் வலை போன்ற நரம்புகள்தான் உண்டு. வேளாண் துறையினர் ஏற்கெனவே வழங்கும் ‘கண்ணாடி இறக்கைப் பூச்சி’யே போதும். இந்தக் குடும்பத்தை மட்டும் குறிக்கப் ‘பஞ்சுயிரிப் பூச்சி’ என்று இக்கடிதத்தில் சொல்கிறோம்.

இந்தியாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பழையது. கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை ஆராய்ந்து அமெரிக்கரான நீதம் 1909-இல் சிசைரா இண்டிகா என்ற இனத்தை விவரித்தார். நன்னீர்ப் பஞ்சுயிரிகளைப் பற்றி விலங்கியலாளர் நெல்சன் அனன்டேல் எழுதிய நூல் 1911-இல் வந்தது. அதில் பஞ்சுயிரிக்குள் வாழும் இப்பூச்சியின் புழுவையும் அவர் குறிப்பிடுகிறார். 1939-இல் பூச்சியியலாளர் நேதன் பேங்க்ஸ் இன்னோர் இந்திய இனத்துக்குச் சிசைரினா நிர்வாணா என்று பெயர் வைத்தார். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் சங்கடமாகத்தான் இருக்கும். அவர் நினைத்தது வீடுபேற்றை. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தத் தொடக்கத்துக்குப் பிறகும், நம் கல்லூரி மாணவர்கள் பலர் இப்பூச்சியை ஒருமுறைகூடப் பார்க்காமலே விலங்கியல் பட்டம் பெறுகிறார்கள்.

பார்க்க வேண்டியது புழுவைத்தான். முழு வளர்ச்சி அடைந்தால் ஐந்து மில்லிமீட்டர் அளவு, அரிசியில் முக்கால். பழுப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறும். பச்சைப் பஞ்சுயிரிக்குள் இருப்பது பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். பஞ்சுயிரியின் பச்சையும் அதன் சொந்த நிறமன்று. வெளிச்சம் படும் இடத்தில் அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி தரும் நிறம் அது. நிழலில் வளர்ந்த பஞ்சுயிரி வெளிறிய சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். பச்சையைப் பார்த்ததும் பாசி என்று முடிவு கட்டுவது இதனால்தான்.

கைலென்ஸில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தலையிலிருந்து முன்னோக்கி நான்கு நீண்ட இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு உணர்கொம்புகள், மற்ற இரண்டும் வாய். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒவ்வொரு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குழலாகி, மயிரிழை போன்ற ஊசியாக நீள்கின்றன. குழியானையின் கொடுக்கும் இதே அமைப்புதான். அங்கே அரிவாள் போல வளைந்து எறும்பைக் கவ்வ உதவுகிறது, இங்கே நேராக மெலிந்து பஞ்சுயிரியின் உயிரணுக்களைக் குத்தி உறிஞ்ச உதவுகிறது. ஓடாத, திமிறாத இரைக்குக் கொடுக்கு எதற்கு? புழுவைக் கவனமாக மல்லாக்கத் திருப்பினால் வயிற்றின் அடியில் ஏழு இணைச் செவுள்கள் தெரியும். கணுக்கணுவாக, கால் போலவே இருப்பதால் கால் என்று எண்ணிவிடுவார்கள். உண்மையான கால்கள் மார்பில் ஆறு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே ஒரு நகம். செவுள்கள் சிறிது நேரம் சும்மா இருக்கும், பிறகு சட்டென்று படபடவென அதிரும், மறுபடி நிற்கும். இந்த அதிர்வைக் கண்டுவிட்டால் அடையாளத்தில் ஐயம் வேண்டாம்.

முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த முதல் பருவப் புழுவுக்குச் செவுள் கிடையாது. அரை மில்லிமீட்டர் உடல் தோல் வழியாகவே மூச்சு விட்டுக்கொள்கிறது. அதனால் மிகச் சிறியதைப் பார்த்துவிட்டு, செவுள் இல்லை என்று கழித்துவிடாதீர்கள்.

பஞ்சுயிரிக்குள் வேறு குடித்தனக்காரர்களும் உண்டு. கொசுவைப் போன்றதும் கடிக்காததுமான கைரோனோமிட் ஈக்களின் புழு நிறையக் கிடைக்கும். அது நூல் போல நீண்டு நெளியும், கணுக்களுள்ள கால்கள் இல்லை. இலை, மணல், பஞ்சுயிரித் துணுக்குகளைக் கொண்டு கூடு கட்டிச் சுமந்து திரிவது கேடிஸ் ஈயின் புழு. பஞ்சுயிரியைத் தின்னும் இனங்கள் அதிலும் உண்டு. கூடு இல்லாமல், ஆறு காலோடு, முகத்தில் ஊசியோடு மெல்ல நடப்பதுதான் நமக்கு வேண்டியது.

தேடுவதற்கு ஏற்ற காலம், மழைநீர் கலங்கல் தெளிந்து பஞ்சுயிரி பருத்திருக்கும் மாதங்கள். மதகுச் சுவர், மூழ்கிய படிக்கட்டின் செங்குத்துப் பக்கம், நீரில் சாய்ந்த மரவேர், மூங்கில் கழி, பரிசலின் அடிப்புறம், கல்லின் அடிப்பக்கம் ஆகியவற்றில் தடவிப் பாருங்கள். வண்டல் படியும் கிடைமட்டமான இடத்தில் பஞ்சுயிரிக்குத் துளை அடைத்துவிடும், ஆகவே படியின் மேல்தளத்தை விட முகப்பிலேயே அதிகம் இருக்கும். பாசியா பஞ்சுயிரியா என்பதை விரல் சொல்லிவிடும். பாசி வழவழக்கும், இழுத்தால் நூலாக வரும். பஞ்சுயிரி சொரசொரக்கும், பிய்த்தால் நனைந்த ரொட்டி போல உதிரும், மேற்பரப்பில் ஆங்காங்கே துளைகள் தெரியும். யூனாபியஸ் கார்ட்டெரி உருண்டு திரண்டு தேங்காய் அளவுக்குக்கூட வளரும். வெளியே எடுத்த சிறிது நேரத்தில் வரும் நாற்றம் கழிவுநீர் கலந்ததற்கு அடையாளம் அன்று. அது அதன் சொந்த வாசம்.

அரிப்புக்குக் காரணமும் விஷம் அன்று. பஞ்சுயிரியின் எலும்புக்கூடு கால் மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா ஊசிகளால் ஆனது. கண்ணாடித் தூள் என்றே வைத்துக்கொள்ளலாம். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் விழுந்தால் உறுத்தும். பிரேசிலில் ஆற்றில் குளித்தவர்களுக்கு இந்த ஊசிகளால் கண்ணில் புண் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ரஷ்யாவிலோ உலர்ந்த பஞ்சுயிரித் தூளைக் கன்றிப்போன இடத்தில் தேய்க்கும் நாட்டுமருந்தாகவே விற்கிறார்கள். நமக்கு இரண்டும் வேண்டாம். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை முகத்தில் கை வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது, கசக்கினால் ஊசி உள்ளே இறங்கும். நிறைய நீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்காலுக்கு மேல் நீருள்ள படியில் இறங்க வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். கோயில் குளமானால் நிர்வாகத்திடமும், ஊர்க் குளமானால் ஊராட்சியிடமும், காப்புக்காட்டில் உள்ள நீர்நிலையானால் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு பஞ்சுயிரியிலிருந்து எடுக்க வேண்டியது தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றே. மொண்ணைக் கத்தியால் ஓரத்திலிருந்து வெட்டுங்கள். அடிப்பகுதி கல்லிலேயே ஒட்டியிருந்தால் மீண்டும் வளரும். வெட்டிய துண்டை அதே குளத்து நீர் நிறைந்த டப்பாவில் நீருக்குள்ளேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். காற்றில் தூக்கினால் பஞ்சுயிரியின் நுண்குழாய்களில் காற்று புகுந்துவிடும், பிறகு அது பிழைப்பதில்லை. ஒரு லிட்டர் டப்பாவுக்கு ஒரு துண்டு. நாலைந்தைத் திணித்தால் வீடு வந்து சேர்வதற்குள் அழுகி, உள்ளே இருக்கும் புழுவும் செத்திருக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டப்பாவை வைப்பதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

வீட்டிலோ ஆய்வகத்திலோ வெள்ளைப் பீங்கான் தட்டு அல்லது வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குளத்து நீர் விட்டுத் துண்டை வைத்து நிழலில் விடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம்; பளபளப்பில் புழு தெரியாது. பலர் செய்யும் பிழை, உடனே துண்டைப் பிய்த்துத் தேடுவது. பிய்த்தால் ஊசிகளுக்கிடையே புழு நசுங்கும், நீரும் கலங்கும். ஒன்றிரண்டு மணி நேரம் பேசாமல் விட்டால் நீரிலுள்ள ஆக்சிஜன் குறையக் குறையப் புழுவே வெளியே வரும். வந்ததை இடுக்கியால் தொடாதீர்கள், அகன்ற வாயுள்ள டிராப்பரால் நீரோடு உறிஞ்சி எடுங்கள். குழாய்த் தண்ணீரை எக்காரணம் கொண்டும் சேர்க்க வேண்டாம். குளோரின் பஞ்சுயிரிக்கு ஆகாது. ஒரு துண்டில் ஒன்றுமில்லை என்றால் குளத்தில் இல்லை என்று பொருளல்ல. ஒரே படிக்கட்டில் ஒரு பஞ்சுயிரியில் பல புழுக்களும் பக்கத்தில் ஒன்றில் ஒன்றுகூட இல்லாமலும் இருப்பது வழக்கம். வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு சிறு துண்டுகளைப் பார்த்த பிறகே ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

மாதிரியைப் பாதுகாக்க 70 முதல் 80 விழுக்காடு எத்தில் ஆல்கஹால் போதும். மரபணு ஆய்வுக்கென்றால் 95 விழுக்காடு. ஃபார்மலினில் போட்டால் மரபணு கெட்டுப்போகும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துபோகும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துபோகும். நாள், ஊர், குளத்தின் பெயர், எந்தக் கரை, எவ்வளவு ஆழம், எதன்மேல் ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பஞ்சுயிரியின் ஒரு சிறு துண்டையும் தனிக் குப்பியில் அதே எண்ணிட்டு வையுங்கள். எந்தப் பஞ்சுயிரியில் எந்தப் பூச்சி என்ற இணைப்புதான் இதில் உண்மையான மதிப்புள்ள தகவல். பஞ்சுயிரியின் இனம் அறிய, மிளகு அளவுத் துணுக்கைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து சிலிக்கா ஊசிகள் அடியில் தங்கும். இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். அமிலம் எதையும் இந்தக் கரைசலோடு சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

புழுவை வளர்த்துப் பூச்சியாக்க விரும்புவோர் பெரும்பாலும் தோற்பது ஒரே இடத்தில்: புழு நீரை விட்டு வெளியேற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதன் வாழ்க்கையில் நீருக்கு உரியது புழுப்பருவம் மட்டுமே. மூன்றாம் பருவம் முடிந்ததும் அது கரையேறி, மரப்பட்டை, சுவர் வெடிப்பு, பாலத்தின் அடி என்று ஒரு மீட்டரோ பல மீட்டரோ நடந்து, ஒதுக்கமான இடத்தில் கூடு நெய்கிறது. கண்ணாடித் தொட்டியின் வழவழப்பான சுவரில் அதனால் ஏற முடியாது, ஏறி ஏறி விழுந்து மூழ்கும். ஆகவே சொரசொரப்பான வேப்பங்குச்சி இரண்டை நீரிலிருந்து ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி சாய்த்து வையுங்கள். குச்சியின் நுனியில் அட்டைப்பெட்டியின் நெளிவுத் தாளைச் சுருட்டிக் கட்டினால் அந்த மடிப்புக்குள் போய்க் கூடு கட்டும். வாயை நைலான் கொசுவலையால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். தொட்டியை நீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு கூட்டைக் காலி செய்துவிடும். பஞ்சுயிரியை மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். கறுத்து நாறத் தொடங்கியதை அன்றே எடுத்துவிட வேண்டும். ஓரத்தில் மெல்லக் குமிழி விடும் சிறு காற்றுப்பம்பு இருந்தால் நல்லது, வேகமாக விட்டால் பஞ்சுயிரி பெயர்ந்துவிடும்.

கூட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது தகும். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். வெளியே ஒரு வலை, உள்ளே நெருக்கமாக நெய்த இன்னோர் உறை. அமெரிக்கக் கிளைமேசியாவின் வெளிவலை அறுகோணக் கண்களோடு எம்பிராய்டரி போட்டது போல இருக்கும். சிசைராவினுடையது அவ்வளவு அலங்காரம் இல்லாமல் உள்ளுறையோடு ஒட்டியிருக்கும். பட்டு வருவது வாயிலிருந்து அன்று. பட்டுப்புழு வாயால் நூற்கிறது. இதுவும் இதன் உறவினரும் கழிவு நாளங்களில் சுரக்கும் பட்டை ஆசனவாய் வழியாக வெளிவிட்டு, வயிற்றின் நுனியைத் தறிநாடா போல ஆட்டி நெய்கின்றன. அந்த வழி கழிவுக்குப் பயன்படாததாலேயே இது இயல்கிறது: புழுவின் நடுக்குடலுக்கும் பின்குடலுக்கும் இடையே வழி அடைபட்டிருக்கிறது. புழுவாக இருக்கும் காலம் முழுவதும் தின்றதன் சக்கை உள்ளேயே சேர்ந்து, இறக்கை முளைத்து வெளியே வந்த பிறகே ஒரு சிறு உருண்டையாக வெளியேறும். குழியானைக்கும் இதே ஏற்பாடுதான்.

வெயில் காலத்தில் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பூச்சி வெளிவரும். கூட்டுப்புழுவுக்குத் தாடை உண்டு, அதால் உறையை அறுத்துக்கொண்டு அந்தி நேரத்தில் வெளியேறும். பூச்சி வராமல் குட்டிக் குளவி வந்தால் திகைக்க வேண்டாம், ஒட்டுண்ணி அது. வட அமெரிக்காவில் கிளைமேசியாவின் கூட்டுக்குள் வளரும் குளவிக்குச் சிசைரிடிவோரா என்று பேரினப் பெயரே இந்தக் குடும்பத்தை வைத்து வந்தது. அந்தக் குளவியையும் ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

வளர்ந்த பூச்சியைத் தேட இருட்டு வேண்டும். கரையோரம் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து, பொழுது சாய்ந்ததிலிருந்து இரவு ஒன்பது மணி வரை காத்திருக்கலாம். பகலில் நீருக்கு மேல் தாழ்ந்து தொங்கும் கிளைகளுக்கடியில் குடையை விரித்துப் பிடித்துக் கிளையைத் தட்டலாம். விழுவது பழுப்புநிறத்தில் சிறிய பூச்சியாக, இறக்கையைக் கூரை போலச் சாய்த்து மூடி உட்கார்ந்திருக்கும். இங்கேதான் அதிகக் குழப்பம். இறக்கை முழுக்க மயிர் அடர்ந்து வலைநரம்பு தெரியாவிட்டால் அது கேடிஸ் ஈ. வெள்ளை மாவு பூசினாற்போல் இருந்தால் வேறு குடும்பம். மிகவும் ஏமாற்றுவது பழுப்புக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. முன்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஏணிப்படி போல வரிசையாகக் குறுக்கு நரம்புகள் இருக்கும். அவற்றில் பல கவடு விட்டுப் பிரிந்திருந்தால் பழுப்புக் கண்ணாடி இறக்கை, கவடில்லாமல் நேராக ஓடினால் பஞ்சுயிரிப் பூச்சி. சிசைரா என்றால் மேலும் ஓர் அடையாளம்: வாயருகே நீட்டியிருக்கும் கீழ்த்தாடை உணர்நீட்சியின் கடைசிக் கணு கோடரி அலகு போல அகன்றிருக்கும். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் பூச்சியைக் கிராஃப் தாளில் வைத்து, பக்கவாட்டிலிருந்து, நரம்பு தெரியும்படி எடுங்கள். மேலிருந்து எடுத்த மங்கல் படத்தை வைத்து இனம் கேட்டால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

முட்டையை நீரில் தேடாதீர்கள். நீருக்கு மேலே நீட்டியிருக்கும் இலையின் அடியிலோ பாலத்திலோ சிறு குழுக்களாக இட்டு, தாய்ப்பூச்சி அதன்மேல் வெண்பட்டால் மெல்லிய மூடாக்குப் போடும். பொரித்ததும் புழு நேராகக் கீழே நீரில் விழுகிறது. விழுந்தாலும் மூழ்கிவிட முடியாது. அதன் எடைக்கு நீர்ப்பரப்பின் இழுவிசையே ஒரு தரை மாதிரி. உடலை வளைத்து வளைத்து உந்தி அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், பிறகு பஞ்சுயிரியைத் தேட வேண்டும். பஞ்சுயிரி இல்லாத நீரில் விழுந்தால் அதற்கு அநேகமாக முடிவுதான். பாசிவிலங்குகள் எனப்படும் பிரையோசோவாவைத் தின்றும் பிழைத்ததாகப் பதிவுகள் உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. கரையோரக் கிளைகளை ‘அழகுபடுத்த’ முழுக்க வெட்டிவிட்டால் இந்த ஏற்பாடு எங்கே அறுபடும் என்பது இப்போது விளங்கும். புழு நேராகப் பஞ்சுயிரி இருக்கும் நீரில் விழ வேண்டுமே.

இந்தப் பூச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். கொசுவை ஒழிக்காது. வளர்ந்த பூச்சி மகரந்தம், தேன், அசுவினி, சிலந்திப்பேன் போன்றவற்றைச் சிறிது தின்னும். அதை நம்பி யாரும் வயலில் விட முடியாது. தீமையும் இல்லை. மனிதரைக் கடிக்காது, மீனைத் தொடாது, குடிநீரில் நோய் பரப்பாது. பஞ்சுயிரியைத் தின்றாலும் அதை முழுதாக அழிப்பது அரிது. மியான்மரின் அம்பருக்குள், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரப்பிசினுக்குள், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இக்குடும்பப் பூச்சி கிடைத்திருக்கிறது. 2016-இல் விவரிக்கப்பட்ட அதன் வாய், இன்றைய இனங்கள் எதிலும் இல்லாதபடி நீண்ட உறிஞ்சுகுழலாக இருக்கிறது. பயன் பட்டியலில் இது எங்கே சேரும் என்பது எங்களுக்குக் கவலையில்லை.

இனி, குளத்தைத் துப்புரவு செய்பவர்களுக்கு. தூர்வாருவதை யாரும் குறை சொல்லவில்லை. வண்டல் மூடினால் முதலில் மூச்சடைப்பது பஞ்சுயிரிக்குத்தான். கேட்பது முறையை மாற்றும்படி. நான்கு பக்கப் படிக்கட்டையும் ஒரே ஆண்டில் சுரண்டாமல் இரண்டு பக்கம் இந்த ஆண்டு, மற்ற இரண்டு பக்கம் அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் குளிக்க இறங்கும் படியைச் சுரண்டியாக வேண்டும்; யாரும் கால் வைக்காத மதகுச் சுவரையும் மூலைகளையும் எதற்குச் சுரண்ட வேண்டும்? நீர் நிற்கும் குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது பஞ்சுயிரியோடு மீன்குஞ்சையும் கொல்லும். சுரண்ட இரும்புத் தகடும் தென்னந்துடைப்பமும் போதும், சுரண்டுபவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள். பெயர்க்க முடிந்த கல்லில் பெரிய பஞ்சுயிரி இருந்தால், வாளியை நீருக்குள் அமிழ்த்திக் கல்லை அதற்குள்ளேயே ஏற்றி, காற்றுப் படாமல் ஆழமான பக்கத்துக்கு நகர்த்தலாம்.

குளம் இயல்பாக வற்றுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீர் மெல்ல இறங்கும்போது பஞ்சுயிரி தன் அடியில் ஜெம்யூல்கள் எனப்படும் உருண்டைகளைச் சேர்த்துவைத்துவிட்டு மடிகிறது. வற்றிய குளத்துக் கல்லில் காய்ந்த கேக் போல, ஊதினால் பறக்கும் சாம்பல் நிறப் பொருக்கு ஒட்டியிருக்கும். அதை உடைத்தால் கசகசாவை விடச் சிறிய மஞ்சள் மணிகள் கல்லோடு ஒட்டியிருப்பது தெரியும். அவைதாம் அடுத்த ஆண்டுக்கான விதை. தூர்வாரும் பொக்லைன் வேலை முடிந்ததும் சுவர்களை உரசிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கும்போதுதான் இவை போகின்றன. ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து கற்களையாவது பொருக்கோடு விட்டுவிட்டால், நீர் வந்ததும் தானாக முளைக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் இந்த முளைப்பை வகுப்பிலேயே காட்டலாம். பத்திருபது மணிகளைப் பெயர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டிய குளத்து நீரில் கழுவி, ஒரு கிண்ணத்தின் அடியில் கிடத்திய கண்ணாடித் துண்டின் மேல் இட்டு நிழலில் வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி நீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதும் மாற்றினால் மணிகள் உருண்டு போய்விடும். ஒரு வாரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம், மணியைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று கண்ணாடியில் படரும். பூஞ்சை பிடித்த மணியை உடனே எடுத்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் நீர் சூடேறி எல்லாம் கெடும். முளைத்த வளையத்தில் சிறு புகைபோக்கி போல ஒரு குழல் எழும். நீரில் துளி மசியைக் கலந்து டிராப்பரால் பக்கத்தில் விட்டால், குழல் வாயிலிருந்து நீர் வெளியே தள்ளப்படுவது கண்ணுக்கே தெரியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘மர்மப் பொருள்’ செய்தி வந்தால், அச்சேற்றுவதற்கு முன் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒருவரைக் கூப்பிட்டு, கைலென்ஸும் வெள்ளைத் தட்டுமாகக் குளத்துக்கு வரச் சொல்லும்படி செய்தியாளரிடம் சொல்லுங்கள். தட்டில் வைத்த இரண்டு மணி நேரம் காத்திருந்தால், செய்தியோடு போடப் படமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
நன்னீர்ப் பூச்சியியல் கற்பிப்போர் சிலர்